வயலின், வயோலா இரண்டும் தனி வாத்தியம்: வேலூர் மேடையில் வயோலாவுக்கு மைக் வைக்கலாமா?

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 4, இரவு 9.10

டிசம்பர் இரண்டாம் வாரம் வேலூரில் ஒரு கச்சேரி. மோட்சார்ட்டின் சின்ஃபோனியா கன்செர்டான்டே, கே. 364 (கே. என்பது மோட்சார்ட் படைப்புகளின் பட்டியல் எண்). ஒரு வயலின், ஒரு வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது, கீழ்ச் சுருதியில் ஒலிப்பது) தனி வாத்தியங்கள், பின்னால் சிறிய ஆர்கெஸ்ட்ரா. இடம் ஒரு கல்லூரி அரங்கம்: 400 இருக்கை, ஏசி, மேடை முழுக்கக் கம்பளம், பின்னால் கனமான திரை. வயலினுக்கு எதிரே வயோலா எடுபடாது, அதற்கு மட்டும் ஒரு மைக் கட்டாயம் என்று சவுண்டு பார்ப்பவர் ஒரே பிடியாக நிற்கிறார். சரியா?

கூடவே ஒரு குழப்பம். பார்ட்டுகளை, அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உள்ள தனித் தாள்களை, அச்செடுத்துப் பார்த்தால் எல்லாருக்கும் ஈ ஃபிளாட் மேஜர் ஸ்கேல், தனி வயோலாவுக்கு மட்டும் டி மேஜர். அச்சுப் பிழையா, வேறு பதிப்பா?

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 4, இரவு 10.55

பிழை இல்லை. மோட்சார்ட் எழுதியதே அப்படித்தான். வயோலாவின் நான்கு தந்திகளையும் அரை ஸ்வரம் ஏற்றிக் கட்டிக்கொண்டு டி மேஜரில் விரல் வைத்தால் காதுக்கு ஈ ஃபிளாட் வரும். நம் கர்நாடகச் சுருதிக் கணக்கில் விரல் இரண்டு கட்டையில், ஒலி இரண்டரைக் கட்டையில். சி, ஜி, டி, ஏ என்று இருக்கும் தந்திகள் டி ஃபிளாட், ஏ ஃபிளாட், ஈ ஃபிளாட், பி ஃபிளாட் ஆகும். ஏ = 440 என்று வைத்தால் மேல் தந்தி 466.2 ஹெர்ட்ஸ், கீழ்த் தந்தி 130.8-லிருந்து 138.6-க்கு ஏறும்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வயோலா அமுங்கிப்போகும் என்பது 1779-இல் சால்ஸ்பர்க்கில் உட்கார்ந்து எழுதியவருக்கு நன்றாகவே தெரியும், அவரே வயோலா வாசித்தவர். மைக் செய்ய வேண்டிய வேலையைச் சுருதியிலும் ஆர்கெஸ்ட்ரா எழுத்திலும் அவர் முடித்துவைத்திருக்கிறார். நீங்கள் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 5, காலை 7.30

வயோலா ஏன் அமுங்குகிறது என்பதிலிருந்து வருகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் விளங்கும். வயலின் உடல் நீளம் சுமார் 35.5 செ.மீ. வயோலா அதற்கு ஐந்து ஸ்வரம் கீழே ஒலிக்க வேண்டும். அதே விகிதத்தில் உடலைப் பெருக்கினால் 53 செ.மீ. வரும், அதைத் தோளில் வைத்து யாராலும் வாசிக்க முடியாது. அதனால் 38 முதல் 42 செ.மீ.க்குள் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்வரம் கீழே, பெட்டி சிறியது. கீழ் இரண்டு தந்திகளுக்குப் பெட்டியின் ஆதரவு குறைவு. அந்த மூக்கடைத்த மாதிரியான நாதம் அங்கிருந்து வருகிறது. பலருக்கு அதுவே பிடித்த நாதம், எனக்கும்தான். ஆனால் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நிற்கும்போது அது பலவீனம்.

தந்தியை ஏற்றினால் இறுக்கம் கூடும், ஒலி கொஞ்சம் பிரகாசமாகும். அதைவிட முக்கியமானது திறந்த தந்தி, அதாவது விரல் வைக்காமல் ஒலிக்கும் தந்தி. டி மேஜரில் விரல் வைப்பவருக்கு ஷட்ஜமும் பஞ்சமமும், அதாவது டியும் ஏயும், திறந்த தந்தியிலேயே கிடைக்கின்றன. அவற்றை நேரடியாக வாசிக்காவிட்டாலும் மற்ற ஸ்வரங்களுக்கு அவை கூட அதிர்ந்து கொடுக்கும். பின்னால் இருக்கும் தந்தி வாத்தியங்களோ சாதாரணச் சுருதியில் ஈ ஃபிளாட் வாசிக்கின்றன. அவர்களுக்கு ஷட்ஜமும் திறந்த தந்தியில் இல்லை, பஞ்சமமும் இல்லை. எல்லாம் விரல் அழுத்தித்தான். அவர்கள் ஒலி இயல்பாகவே கொஞ்சம் மூடியிருக்கும், தனி வயலினுக்கும் அதே கதி. மேடையில் வயோலா ஒன்றுதான் திறந்த தந்தி துணையோடு ஒலிக்கும்.

இன்று பெரும்பாலான தனி வாசிப்பாளர்கள் சாதாரணச் சுருதியிலேயே, ஈ ஃபிளாட்டில் எழுதிய பார்ட்டை வைத்து வாசிக்கிறார்கள். இன்றைய தந்திகள் பலமானவை, ஏற்றிக் கட்டாமலே ஒலி போகும் என்பது அவர்கள் வாதம். பெரிய நாதமுள்ள வயோலா கையில் இருந்தால் அது நியாயமே. மாணவர் தரத்து வயோலா என்றால் ஏற்றிக் கட்டுங்கள், வித்தியாசம் பின்வரிசை வரை கேட்கும்.

சவுண்டு சத்துவாச்சாரி, ஆகஸ்ட் 5, மதியம் 1.15

அரை ஸ்வரம் என்றால் சுமார் 6 சதவீதம். தந்தி இறுக்கமும் 6 சதவீதம்தானே கூடும்? அதற்கா இவ்வளவு பயம்?

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 5, மதியம் 2.40

இல்லை தம்பி. 6 சதவீதம் கூடுவது அதிர்வெண். இறுக்கம் அதன் வர்க்கமாகப் போகும்: 1.0595 × 1.0595 = 1.1225. தந்திக்கு 12 சதவீதத்துக்கு மேல். நான்கு தந்தியும் சேர்ந்து குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) வழியாக மேல்பலகையை அழுத்தும் பாரமும் அதே அளவு கூடும். நன்றாக ஒட்டிய வயோலா தாங்கும். விளிம்பில் ஒட்டு விட்டிருந்தால் தாங்காது. தந்தியை ஏற்றுவதற்கு முன் விரல் மூட்டால் உடலைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். ஒட்டு விட்ட இடத்தில் மட்டும் சத்தம் சலசலக்கும்.

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 6, இரவு 8.20

ஏற்றும் முறை. முதல் ஒத்திகைக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

மெல்லிய இறுக்கத் தந்தி செட் கேட்டு வாங்குங்கள். உறையில் லைட் அல்லது ஸாஃப்ட் என்று போட்டிருக்கும். அதை அரை ஸ்வரம் ஏற்றினால் சாதாரண மீடியம் தந்தியின் இறுக்கத்துக்கு அருகில் வந்து நிற்கும். பழைய தந்தியை ஏற்ற வேண்டாம், மேல் தந்தி தலைப்பள்ளத்தில் (விரல்பலகையின் தலைமுனையில் தந்தி உட்காரும் பள்ளம்) அறுந்துபோகும். தலைப்பள்ளத்திலும் குதிரையின் பள்ளங்களிலும் 2பி பென்சில் முனையால் நன்றாகத் தேயுங்கள். கரி பூசியிருந்தால் தந்தி வழுக்கி ஓடும், இல்லாவிட்டால் கடித்துப் பிடித்துத் திடீரென்று தாவும்.

ஒரே தந்தியை ஒரே மூச்சில் மேலே இழுக்காதீர்கள். நான்கையும் கால் ஸ்வரம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் மீதிக் கால் ஸ்வரம். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு குதிரையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பிரடையை (தந்தியைச் சுற்றி முறுக்கும் மர ஆணி) முறுக்க முறுக்கக் குதிரையின் தலை விரல்பலகைப் பக்கம் சாயும். வால்கட்டையை (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டை) பார்த்த முகம் மேல்பலகைக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் இரண்டு கை விரல்களாலும் மேல் ஓரத்தைப் பிடித்து மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். விட்டுவிட்டால் குதிரை வளையும், அல்லது ஒரு நாள் மடாரென்று விழும். விழுந்தால் உள்ளே மேல், கீழ்ப் பலகைகளுக்கு நடுவே நிற்கும் ஒலிக்கட்டை என்ற சிறு குச்சியும் சேர்ந்து சாயும், அதை நிறுத்தத் தனிக் கருவியும் தெரிந்த கையும் வேண்டும்.

வால்கட்டையில் திருகு இருந்தால் முதலில் அதைப் பாதி தளர்த்திவிட்டுப் பிரடையால் ஏற்றுங்கள். திருகாலேயே ஏற்றிக்கொண்டு போனால் அதன் அடிக்கம்பி மேல்பலகையில் இடித்துக் கீறிவிடும்.

வயோலாவில் ஓநாய் ஸ்வரம் இருந்தால், அதாவது ஒரு குறிப்பிட்ட இடத்தில் வில் நடுங்கி நாதம் உளறும் இடம் இருந்தால், அதன் விரல் இடம் மாறும். அந்தத் தடுமாற்றம் பெட்டியின் குணம், தந்தியின் குணம் இல்லை. ஸ்வரம் அங்கேயே இருக்கும், விரல் அரை ஸ்வரம் கீழே வந்துவிடும். வாசிப்பவர் அதற்கான விரல் அமைப்பை முன்கூட்டியே மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆறுகட்டை, ஆகஸ்ட் 7, காலை 6.50

சார், நான் கர்நாடக வயலின். பாலமுரளிகிருஷ்ணா வயோலா வாசித்தது தெரியும். பாடகருக்கு ஏற்றபடி தந்தியை இறக்குவதும் ஏற்றுவதும் எங்களுக்கு அன்றாட வேலை, ஒன்றரைக் கட்டை, ஐந்து கட்டை எல்லாம் ஒரே வாத்தியத்தில். இந்த மேற்கத்திய வாசிப்பாளர்கள் அரை ஸ்வரத்துக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள்?

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 7, காலை 9.05

நல்ல கேள்வி சார். உங்களுக்கு விரல் இடமே ஸ்வரம்: ஷட்ஜமம் எங்கே கட்டியிருக்கிறதோ அதுதான் ஷட்ஜமம், கட்டை மாறினாலும் மனசுக்குள் ஸ்தானம் மாறாது. இவர்கள் தாளில் டி என்று பார்த்தால் இன்ன ஒலி என்று காதில் பதிய வைத்தவர்கள். கண் டி பார்க்கிறது, காது ஈ ஃபிளாட் கேட்கிறது. துல்லியமான ஸ்வர நினைவு உள்ளவருக்கு அது பெரிய அவஸ்தை, விரல் தானாகத் திருத்தப் பார்க்கும். மூன்று வாரமாவது அந்தச் சுருதியிலேயே தனியாகப் பழகிய பிறகுதான் ஒத்திகைக்கு வர வேண்டும். உங்களைப் போன்ற ஒருவர் வயோலாவில் உட்கார்ந்தால் இந்தப் பிரச்சினையே வராது. நின்றுகொண்டு தாடையில் பிடிப்பது வேறு பாடம்.

கொம்பு ராணிப்பேட்டை, ஆகஸ்ட் 8, இரவு 9.45

ஆர்கெஸ்ட்ராவில் இரண்டு ஓபோ (சீவாளி வைத்து ஊதும் குழல்), இரண்டு ஹார்ன் இருக்கிறதே, வேலூர் பக்கம் ஓபோவுக்கு எங்கே போவீர்கள்?

சென்னையிலிருந்து வரவழைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒரு வழி சொல்கிறேன். ஹார்ன் பார்ட் ஈ ஃபிளாட் ஹார்னுக்கு எழுதியது, எழுதியதைவிட ஆறு ஸ்வரம் கீழே ஒலிக்கும். பிராஸ் பேண்டில் இருக்கும் ஈ ஃபிளாட் டெனர் ஹார்னும் அதே கணக்குதான். பார்ட்டை மாற்றி எழுதவே வேண்டாம், அப்படியே முன்னால் வைத்து வாசிக்கலாம். சர்ச் பேண்டில் வாசிப்பவர்கள் கையில் அந்த வாத்தியம் இருக்கும். நாதம் பிரெஞ்சு ஹார்ன் மாதிரி வட்டமாக வராது. வாய்க்குழலை ஆழமானதாக மாற்றி, மணிவாயை மேடைக்குப் பின்பக்கம் திருப்பி உட்கார்ந்தால் ஓரளவு கிட்டே வரும். பிரெஞ்சு ஹார்னே கிடைத்தால், எஃப் ஹார்ன் வைத்திருப்பவர் ஒரு முழு ஸ்வரம் இறக்கிப் படிக்க வேண்டும்.

ஓபோவுக்குப் பதில் கிளாரினெட். நம் பக்கம் கிளாரினெட்டுக்குப் பஞ்சமில்லை. பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுதுங்கள். ஈ ஃபிளாட் மேஜர் அவருக்கு எஃப் மேஜராக வரும், சுலபமான விரல். சத்தத்தை மட்டும் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள்.

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 9, காலை 8.00

டெனர் ஹார்ன் விஷயம் அருமை, அதை நானும் வழிமொழிகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: உச்ச ஸ்வரங்கள் வரும் இடங்களை முதல் ஒத்திகையிலேயே தனியாகக் கேட்டுவிடுங்கள். பிசிறினால் இரண்டாம் ஹார்னை மட்டும் வைத்துக்கொண்டு முதல் ஹார்னைக் கீழ் ஸ்தாயிக்கு மாற்றலாம்.

அதைவிடப் பெரிய தலைவலி வயோலாக்கள். இந்தப் படைப்பில் ஆர்கெஸ்ட்ரா வயோலாவும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, வயோலா ஒன்று, வயோலா இரண்டு. அந்த இரண்டு வரிகளும் நடுவில் நிரப்புவதுதான் இந்த இசையின் அடர்ந்த நிறம். அதை விட்டுவிட்டு வயலினைக் கூட்டினால் மேலே மட்டும் மினுங்கும், நடு வெறுமையாகும்.

குறைந்தபட்சக் கணக்கு இது. முதல் வயலின் 4, இரண்டாம் வயலின் 4, வயோலா 2+2, செல்லோ 2, டபிள் பாஸ் 1, ஓபோ 2, ஹார்ன் 2. தனி வாசிப்பாளர் இருவரையும் சேர்த்து 21 பேர். நடத்துனர் தனி. வயோலா இரண்டு பேர்தான் கிடைக்கிறார்கள் என்றால் வரிக்கு ஒருவர் வையுங்கள், வயலின்களை 3+3 ஆகக் குறையுங்கள். வயலினில் வயோலா தந்தி மாட்டி ஆள் நிரப்புவார்கள், அது வேண்டாம். 35 செ.மீ. பெட்டியில் சி தந்தி வெறும் காற்றடிக்கும். அதற்குப் பதில் மூன்றாவது செல்லோ ஒருவரை வயோலா இரண்டின் வரியைப் படிக்கச் சொல்லுங்கள், செல்லோவின் ஏ தந்தியில் அது சொகுசாக உட்காரும்.

நினைவிருக்கட்டும், தனி வயோலா கேட்பதும் கேட்காததும் இந்த எண்ணிக்கையில்தான் பாதி இருக்கிறது. எட்டு முதல் வயலின் வைத்துவிட்டு மைக் கேட்பது நியாயமில்லை.

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 9, இரவு 10.20

அண்ணே, நிற்கும் இடம் சொல்லுங்கள். வயலின் ஒரு பக்கம், வயோலா ஒரு பக்கம், நடுவில் நடத்துனர் என்று போட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்கிறார்கள்.

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 10, காலை 6.40

பார்க்க அழகாக இருக்கும், வயோலா காணாமல் போகும். இடது தோளில் பிடிக்கும் வாத்தியத்தின் மேல்பலகை வாசிப்பவரின் வலது பக்கம் சாய்ந்திருக்கும், ஒலித்துளைகள் அந்தப் பக்கம் பார்க்கும். சபையிலிருந்து பார்த்து இடது பக்கம் நின்று நடுவை நோக்கினால் அவர் வலது பக்கம் சபை. துளைகள் சபையைப் பார்க்கும். வலது பக்கம் நின்று நடுவை நோக்கினால் துளைகள் பின்திரையைப் பார்க்கும். நாதம் முழுக்கத் திரைக்குள் போய் அடங்கும்.

அதனால் இருவரும் நடத்துனரின் இடது பக்கமே. வெளியே வயலின், உள்ளே வயோலா, வயோலா அரை அடி முன்னால். இருவரும் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்கும்படி கொஞ்சம் வளைந்து நிற்க வேண்டும். முதல் இரண்டு பகுதிகளின் கடைசியில் மோட்சார்ட் எழுதிவைத்த கெடன்ஸா, அதாவது ஆர்கெஸ்ட்ரா நிற்கத் தனி வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் இடம் வரும், அங்கே நடத்துனர் கை இறங்கியிருக்கும், இருவரும் மூச்சை வைத்துத்தான் சேர வேண்டும். கடைசித் திரில்லில் (பக்கத்து இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) யார் தலையசைக்கிறார் என்பதை முதல் ஒத்திகையிலேயே முடிவு செய்து பென்சிலால் எழுதுங்கள். திரில்லின் வேகம் இருவருக்கும் வேறாக இருந்தால் ஆர்கெஸ்ட்ரா எங்கே இறங்குவது என்று தெரியாமல் தடுமாறும்.

மேடைக் கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால், திரைக்கு முன்னால், 8×4 அடி, 18 மி.மீ. ப்ளைவுட் ஆறு பலகை நிறுத்துங்கள். வரிசையாகச் சுவர் மாதிரி வேண்டாம், ஒன்றுவிட்டு ஒன்று கொஞ்சம் கோணம் மாற்றி. மரக்கடையில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். பின்னால் முட்டுக்கட்டை சரியாக இருக்கட்டும், 18 மி.மீ. பலகை ஒருவர் தூக்கும் கனமில்லை.

சவுண்டு சத்துவாச்சாரி, ஆகஸ்ட் 10, மாலை 5.30

பலகை யோசனை சரி, ஒப்புக்கொள்கிறேன். மைக் பற்றி என் தரப்பையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

வயோலாவுக்கு மட்டும் மைக் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஸ்பீக்கர் சபைக்கு அருகில், வாசிப்பவர் தூரத்தில். ஸ்பீக்கர் ஒலி முதலில் காதுக்கு வரும், காது அதையே மூலம் என்று எடுத்துக்கொள்ளும். கண் மேடையில் வயோலாவைப் பார்க்கும், ஒலி சுவர் ஓரத்திலிருந்து வரும். கச்சேரியின் ஒட்டுமொத்தம் கெட்டுவிடும்.

நிர்வாகம் கட்டாயம் என்றால் இப்படிச் செய்யலாம். குதிரையில் ஒட்டும் மைக் வேண்டாம். வாத்தியத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே ஒரு கண்டென்ஸர் மைக், இருவருக்கும் பொதுவாக. ஸ்பீக்கருக்குத் தாமதம் கொடுக்க வேண்டும்: ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 2.9 மில்லிசெகண்ட். மேடைக்கும் ஸ்பீக்கருக்கும் 8 மீட்டர் என்றால் 23 மில்லிசெகண்ட், அதற்கு மேல் இன்னும் 10 கூட்டுங்கள். சத்தத்தை எவ்வளவு வைப்பது? ஸ்பீக்கரை அணைத்தால் மட்டும் வித்தியாசம் தெரிய வேண்டும், போட்டிருக்கும்போது ஸ்பீக்கர் இருப்பதே தெரியக் கூடாது.

பதிவுக்கு நடத்துனர் தலைக்குப் பின்னால் மூன்று மீட்டர் உயரத்தில் இரண்டு மைக், 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணம். அது போதும்.

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 10, இரவு 9.15

இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் காலி அரங்கில் ஒத்திகை கேட்டு முடிவெடுக்காதீர்கள். 400 பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடையும் உடலும் ஒலியைக் குடிக்கும், எல்லாமே காய்ந்து ஒலிக்கும். பின்வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, நடுவில் வரும் மெதுவான பகுதியான ஆண்டான்டேயில் வயோலா முதலில் பதில் சொல்லும் இடத்தை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். சி மைனரில் தனி வயலின் தொடங்கும், வயோலா அதை வாங்கி ஈ ஃபிளாட் மேஜர் பக்கம் திருப்பும். அந்த ஒரு திருப்பம் பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்டால் மீதி எல்லாம் கேட்கும். கேட்கவில்லை என்றால் முதலில் பின்னணி வாசிக்கும் தந்தி வாத்தியக்காரர்களைக் குறையுங்கள், வரிசைக்கு முதல் இருவர் மட்டும். மைக் அதற்கும் பிறகு.

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 12, காலை 7.10

நம் ஊர்ச் சீதோஷ்ணம் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் என்பதால் வேலூர் வெயில் தொல்லை இல்லை. தொல்லை ஈரமும் ஏசியும் மாறி மாறி வருவதில். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் பிரடை உப்பிக்கொண்டு அசையாது. ஏசி அறையில் இரண்டு மணி நேரம் இருந்தால் அதே பிரடை காய்ந்து வழுக்கும். ஏற்றிக் கட்டிய வயோலாவில் இறுக்கம் கூடுதல், அதனால் வழுக்குவது இன்னும் எளிது. பிரடைக்கென்றே விற்கும் பெக் பேஸ்ட்டைக் கொஞ்சம் தடவி, உள்பக்கம் அழுத்திக்கொண்டே முறுக்குங்கள். வில்லின் முடியும் அப்படித்தான்: ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஏசியில் வாசித்து முடித்ததும் தளர்த்தாமல் பெட்டியில் வைத்தால் குச்சி வளைந்துபோகும்.

வில்லில் தேய்க்கும் ரோஸின் வெளிர்நிறம் எடுங்கள். கருநிறம் மென்மையானது, நம் சூட்டில் பிசுபிசுக்கும். காட்பாடி ஸ்டேஷனில் ஆளை அழைக்கப் போகும்போது வாத்தியத்தைக் காருக்குள் பூட்டி வைக்க வேண்டாம். டிசம்பர் மதிய வெயிலிலும் மூடிய கார் சூடாகிவிடும், வாத்தியம் ஒட்டும் வஜ்ஜிரப் பசை இளகும்.

சூட்டுக்கும் சுருதிக்கும் உள்ள உறவைக் காற்று வாத்தியக்காரருக்கும் தந்திக்காரருக்கும் சேர்த்தே சொல்லுங்கள். சூடு ஏறினால் குழாய்க்குள் ஒலியின் வேகம் கூடும், ஹார்னும் கிளாரினெட்டும் மேலே போகும். காற்றை மட்டும் கணக்கிட்டால் டிகிரிக்கு சுமார் 3 சென்ட், நூறு சென்ட் சேர்ந்தால் அரை ஸ்வரம். வாசிப்பவர் மூச்சே குழாயைச் சூடாக்கிக்கொண்டிருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். தந்தியோ சூட்டில் நீண்டு கீழே இறங்கும். மேடை விளக்கு ஏறின பத்து நிமிடத்தில் இரண்டு கூட்டமும் எதிரெதிர்த் திசையில் நகரும். ஒத்திகை ஃபேன் அறையில், கச்சேரி 22 டிகிரி ஏசியில் என்றால் ஒத்திகையில் சேர்த்த சுருதி அங்கே நிற்காது. ஏசியை 25-இல் வைத்து, கச்சேரிக்கு மூன்று மணி நேரம் முன்பே விளக்கையும் போட்டுவிடுங்கள்.

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 12, மதியம் 12.30

கோட்டைக்குள் இருக்கும் பழைய தேவாலயத்தில் வைக்கலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. கல் சுவர், உயரமான கூரை, ஏசி பிரச்சினை இல்லை.

கொம்பு ராணிப்பேட்டை, ஆகஸ்ட் 12, மாலை 6.00

கல் கட்டடத்தில் மெதுவான பகுதி சொர்க்கமாக இருக்கும், கடைசியில் வரும் வேகப் பகுதியான ப்ரெஸ்டோ குழம்பும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, வில்லைத் தந்தியிலிருந்து தூக்கி வாசிக்கச் சொல்ல வேண்டும். ஃபேனைக் கவனியுங்கள். சுழலும் இறக்கையில் பட்டு வரும் ஒலி நடுங்கும், நீண்ட ஸ்வரங்களில் அப்பட்டமாகத் தெரியும். தாள் பறக்கும், துணி கிளிப் போட்டாலும் பக்கம் புரட்ட முடியாது. ஃபேனை அணைத்தால் சபை வியர்க்கும். டிசம்பர் இரவு என்றால் தாங்கிக்கொள்வார்கள். கோட்டை தொல்லியல் துறைப் பொறுப்பில் இருக்கிறது, அனுமதிக்கு நாள் விட்டுக் கேளுங்கள்.

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 13, காலை 8.45

கரண்ட் போனால் என்ன செய்வது என்று இரண்டு இடத்துக்கும் யோசியுங்கள். ஸ்டாண்டுக்கு ஒன்றாகப் பேட்டரி விளக்கு. ஜெனரேட்டர் மேடைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தால் ஆண்டான்டே முழுக்க அதன் உறுமல்தான் கேட்கும்.

விழா நடைமுறை. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் வாசிப்பாளர்கள் மேடைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வாத்தியங்களை நாற்காலியில் வைத்துவிட்டு நாற்பது நிமிடம் பேசினால் விளக்குச் சூட்டில் சேர்த்த சுருதி எல்லாம் கலைந்திருக்கும். பேச்சு முடிந்து, மேடை துடைத்து, பிறகுதான் சுருதி. தனி வயோலா மற்றவர்களோடு சேர்ந்து ஏயில் சுருதி பார்க்கக் கூடாது, அவருக்கு அந்தத் தந்தியே இல்லை. உள்ளே டியூனர் வைத்து பி ஃபிளாட்டிலிருந்து தொடங்கிச் சேர்த்துக்கொண்டு வரட்டும். மேடையில் ஒரு தடவை சரிபார்க்க, கிளாரினெட்டை அவருடைய சி ஊதச் சொன்னால் அது பி ஃபிளாட்.

பகுதிகளுக்கு நடுவில் கைதட்டல் வரும். வரட்டும், முதல் பகுதிக்குப் பிறகு தட்டினால் நல்லதுதான், தந்தியைச் சரிசெய்ய அரை நிமிடம் கிடைக்கும். ஆண்டான்டே முடிந்ததும் மட்டும் நடத்துனர் கையை இறக்காமல் நேராக ப்ரெஸ்டோவுக்குப் போகட்டும்.

ஆறுகட்டை, ஆகஸ்ட் 14, இரவு 8.10

மொத்தம் அரை மணி நேரம்தானே வரும் சார்? மீதிக்கு என்ன வாசிப்பது?

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 14, இரவு 10.30

ஆமாம், அரை மணியை ஒட்டித்தான். முதல் பாதிக்கு மோட்சார்ட்டின் டிவெர்டிமென்டோ கே. 136, தந்தி வாத்தியம் மட்டும், டி மேஜர், இருக்கும் ஆட்களே போதும். டெலிமானின் ஜி மேஜர் வயோலா கன்செர்ட்டோவையும் சேர்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதே வாசிப்பாளர் என்றால் வேண்டாம். ஒரே இரவில் இறக்கி ஏற்றினால் தந்தி நிலைக்காது, இரண்டாவது வயோலா கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இருவரும் ஒருவர் நாதத்தை ஒருவர் பழகிக்கொள்ள கே. 423, கே. 424 என்று வயலினுக்கும் வயோலாவுக்கும் மட்டும் மோட்சார்ட் 1783-இல் எழுதிய இரண்டு டூயட்கள் இருக்கின்றன. மேடைக்கு வேண்டாம், வீட்டில் இப்போதிலிருந்தே சாதாரணச் சுருதியில் வாசித்து வரட்டும்.

சபை இன்னொன்று கேட்டால் முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்று. மேற்கத்திய மெட்டுக்கு அவர் சாகித்தியம் செய்தவை, எல்லாம் சங்கராபரணம். இரண்டரைக் கட்டையில் எழுதிவிட்டால் தனி வயோலா தந்தியைத் தொடவே வேண்டாம், அவருக்கு விரல் இரண்டு கட்டைதான். முதல் தடவை வயலின், இரண்டாம் தடவை வயோலா கீழ் ஸ்தாயியில், மூன்றாம் தடவை எல்லாரும். வேலூர் சபை அதை எழுந்து நின்று கேட்கும்.

ஆறுகட்டை, ஆகஸ்ட் 15, காலை 7.00

அந்த நோட்டுஸ்வரத்துக்கு நான் தாளில் ஸ்வரம் எழுதித் தருகிறேன் சார். மேல் கீழ் ஸ்தாயி பிரிப்பது நீங்கள் பாருங்கள்.

வயோலா பாகாயம், ஆகஸ்ட் 15, காலை 9.20

அனுப்புங்கள் சார், வயோலா 1, 2 வரிகளையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பாலாற்றங்கரைக்கு: பார்ட்டுகளை ஏ4-இல் எடுக்க வேண்டாம், எழுத்து சிறுத்துவிடும், தனி பார்ட்டில் பக்கம் புரட்ட இடமே வராது. ஏ3-இல் எடுத்து நடுவில் மடித்து, பின்பக்கம் துணி டேப் ஒட்டுங்கள். வில் திசைகளை முதல் வயலின் தலைவர் பென்சிலால் போட்ட பிறகு நகலெடுத்து எல்லாருக்கும் கொடுங்கள், ஒத்திகையில் ஆளாளுக்கு எழுதினால் ஒரு மணி நேரம் அதிலேயே போகும். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு முந்தின நாள் மதியமே காட்பாடியில் இறங்கும்படி டிக்கெட் போடுங்கள். காலை ரயிலில் வந்து அன்றே வாசிப்பது என்றால் ஈர மாற்றத்துக்கு வாத்தியம் பழக நேரம் இருக்காது.

கச்சேரி முடிந்த அன்றிரவே வயோலாவை இறக்க வேண்டாம். மறுநாள் கால் ஸ்வரம், அதற்கு மறுநாள் மீதி. நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் ஒலிக்கட்டை சரிந்துவிடும், ஒவ்வொன்றாக. இறக்கும்போது குதிரை வால்கட்டைப் பக்கம் சாயப் பார்க்கும், அதையும் நிமிர்த்தி வையுங்கள்.